உட்கார்ந்து வாசிப்பவர்கள்

கிளப்பில் ஏசி நின்றுவிட்டது என்று போன் வந்தபோது நான் ரூமில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை. அந்த வருஷங்களில் எமிரேட்ஸில் வாரம் வியாழன் சாயங்காலத்தோடு முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை லீவு. அன்று என் சமையல் முறை. "கத்திய வச்சிட்டு சட்டையப் போடு வேலு, யல்லா, கெளம்பு" என்றார் சரவணகுமார் அண்ணன். அவர் ஏசி டெக்னீசியன், நான் அவருக்கு ஹெல்பர். ஆகஸ்டு மாதத்துப் புஜைராவில் ஏசி நின்றால் வெள்ளைக்காரர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று பார்க்கிற ஆசை எனக்கு இருந்தது, வெளியே சொல்லவில்லை. எண்ணெய் டாங்குகளைத் தாண்டி, துறைமுகம் போகிற வழியில் அந்தக் கிளப் இருந்தது. வேலை இருந்தால் மட்டும் எங்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவார்கள்.

அண்ணனும் நானும் ஒரே ரூம். அவருக்குச் சிவகங்கைப் பக்கம் பெரிய ஊர். எங்கள் ஊர் அதிலிருந்து ஒரு கண்மாய் தாண்டினால் வந்துவிடும். ஆனால் நான் அவரிடம் மானாமதுரைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பேர் தெரியாத ஊரைச் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம், பம்புசெட் என்றும் சொல்லியிருந்தேன். "மோட்டார் எத்தன எச்.பி.?" என்று கேட்டார். அஞ்சு என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

அப்பா தப்படிக்கிறவர். அண்ணனுடைய ஊருக்குள் எத்தனையோ கல்யாணத்துக்கும் சாவுக்கும் தோளில் தப்போடு போயிருக்கிறார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன், வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் கொடுக்கிற வேலைக்கு. அதை ரூமில் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து ரூமில் ஒருவனுக்கு ஆனது. யாரும் அவனோடு சண்டை போடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அவன் சமைக்கிற முறை வந்தால் மட்டும் எல்லோருக்கும் வயிறு சரியில்லாமல் போய்விடும். கொஞ்ச நாளில் அவனாகவே வேறு கேம்ப் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் நான் இரண்டு வருஷமாக அஞ்சு எச்.பி. மோட்டாரை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்குள் நுழைந்ததும் வேர்வை நாற்றமும் பீர் நாற்றமும் சேர்ந்து அடித்தது. ஆனால் ஒருத்தரும் எழுந்து போயிருக்கவில்லை. ஓரத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஏழெட்டுப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். துபாய் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி வயலின், ஒரு கிழவர் புல்லாங்குழல், இன்னொருவர் இழுத்து அமுக்குகிற சின்னப் பெட்டி. எல்லாம் ஸ்காட்லாந்துக்காரர்கள், வியாழனுக்கு வியாழன் கூடுகிறவர்கள் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அது கச்சேரியாகவே படவில்லை. கச்சேரி என்றால் நம்மைப் பார்த்து உட்கார வேண்டும். இவர்கள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசித்தார்கள். யாராவது ஒருத்தர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கிளாஸை எடுத்துக்கொள்வார்கள். மூன்று தடவை சுற்றி வந்ததும் சட்டென்று வேறொரு மெட்டுக்குத் தாவுவார்கள். யாரும் கை தட்டவில்லை. நடுவில் மேசைமேல் கிளாஸுகளுக்கு இடையில் சிவப்பு விளக்கு எரிகிற ரிக்கார்டர் ஒன்று இருந்தது.

வட்டத்தில் எங்கள் டெர்மினல் இன்ஜினியரும் இருந்தார். அவர் பேர் கேலமோ கேலுமோ, எங்கள் வாயில் காலம் சார். அவர் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் சிரிக்காமல் "காலமாயிட்டார்" என்பார். அவர் மடியில் ஒரு தப்பு இருந்தது. வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோல், மறு பக்கம் திறப்பு. எங்கள் தப்பைவிட அகலம், சட்டம் கொஞ்சம் உயரம். வெள்ளைக்காரன் மடியில் அது. திருட்டுக் கொடுத்த சாமானை அடுத்தவன் வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

வெளியே யூனிட்டைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது காலம் சார் சிகரெட்டோடு வந்தார், கையில் அந்தத் தப்பு. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து தொப் தொப்பென்றது. அண்ணனிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார், அண்ணன் எனக்கு அவ்வப்போது தமிழில் சொன்னார். அவர் ஊரில் இது பப்பில் நடக்குமாம், யார் வந்தாலும் நாற்காலி போடுவார்களாம். அவரிடம் பழைய ரிக்கார்டிங்குகள் நிறைய இருக்கிறதாம். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடச் சொல்லிப் பதிந்தது. நடுவில் நாய் குரைக்கும், கதவு சாத்தும், யாரோ இருமுவார்கள்.

"அதெல்லாம் வெட்டி எடுக்க மாட்டாங்களாம்" என்றார் அண்ணன். "வெட்டிட்டா அது அந்த வீடு இல்லயாம்."

யூனிட் ஓட ஆரம்பித்து, மேலிருந்து சுடுகாற்று வந்தது. என் கை தானாகப் போய்த் தப்பைக் கேட்டது. காலம் சார் கொடுத்துவிட்டார். தோலைக் காற்றுக்குக் காட்டினேன், திருப்பினேன், விரலால் சுண்டினேன், மறுபடி காட்டினேன். சத்தம் படிப்படியாக ஏறியது. தொப் போய் டப் ஆகி, டப் போய் டண் ஆனது. காலம் சார் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார், கம்பெனி நீலச் சட்டையும் பூட்ஸுமாக. அண்ணனின் முகத்தை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிரிலேயே என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வட்டத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார் காலம் சார். நான் நின்றுகொண்டே தப்பைத் தோளில் சாய்த்து, அவர் கொடுத்த குட்டிக் குச்சியால் அடித்தேன். தெருவுக்கு அடிக்கிற அடி. கிளாஸுகள் அதிர்ந்தன. டீச்சரம்மா வாசிப்பதை நிறுத்தாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். காலம் சார் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார், மெதுவாக. மறுபடி நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. மெதுவாக அடிப்பது எப்படி என்று என் கைக்குத் தெரியாது. அப்படி ஒரு தேவை வந்ததே இல்லை. ஊரில் ஒரு சாவு என்றால் அது கடைசி வீடு வரைக்கும் கேட்க வேண்டும்.

அந்த நேரம் ஏசியின் குளிர்காற்று நேராக எங்கள்மேல் இறங்கியது. காய்ந்து விறைத்த தோல், ஓரத்தில் பட்டென்று கிழிந்தது. எங்களுடையது கன்றுக்குட்டித் தோல், தீயைத் தாங்கும். இது ஆட்டுத்தோல் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கிழிந்த தப்போடு நடுவில் நின்றேன்.

காலம் சார் தோலைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் காட்டி அண்ணனிடம் ஏதோ கேட்டார். அண்ணன் டூல்பாக்ஸோடு வாசலில் நின்றபடியே இங்கிலீஷில் பதில் சொன்னார். நீளமான பதில். 'வில்லேஜ்' என்றது காதில் விழுந்தது, 'ஃபாதர்' விழுந்தது. மற்றது புரியவில்லை, புரியவும் வேண்டாம் என்று தோன்றியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலம் சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொருளை உடைத்தவன் கையை எதற்குக் குலுக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிக்கப்பில் திரும்பினோம். ரூமுக்கு வந்து, உரித்து வைத்த வெங்காயத்தை வதக்கிக் குழம்பு வைத்தேன். தட்டை எடுத்து வைத்துக் கூப்பிட்டேன்.

"நீ சாப்புடு. எனக்கு வயிறு சரியில்ல" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் வெளியே கபேட்டேரியாவில் சாப்பிட்டார். டூட்டியில் ஸ்பேனர் கொடு, ஸ்க்ரூ கொடு என்பதற்கு மேல் பேச்சில்லை. வேறு கேம்ப் கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஊருக்குப் போன் செய்தபோது என் வீட்டுக்காரி நாகவள்ளி, "ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டாள். ஏசி காத்து என்றேன்.

புதன்கிழமை காலம் சார் சைட்டுக்கே வந்து ஒரு சிடியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைய வாசிப்பைப் பதிந்தது. கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கும் கௌஸ் முகம்மது பாயிடம் ஒரு சிடி பிளேயர் இருந்தது. தொண்டிக்காரர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் போனேன். வயலின் வந்தது, குழல் வந்தது, பிறகு திடீரென்று தப்பு. அது என் கை. அதுவரை என் அடியை நான் வெளியே நின்று கேட்டதில்லை. பாய் வால்யூமைக் குறைத்தார். "யாரு தம்பி இது, கடைய இடிக்கிறான்?" என்றார். பட்டென்று கிழிகிற சத்தம். அப்புறம் பேச்சு.

"கொஞ்சம் என்ன பேசுறாங்கன்னு சொல்லுங்க பாய்."

பாய் காதைக் கொடுத்துக் கேட்டார். "வெள்ளக்காரரு கேக்குறாரு, இவரு ஏன் உக்கார மாட்டேங்கிறாரு, நான் எதுவும் மரியாதக் குறைவா நடந்துட்டேனான்னு. அதுக்கு உங்க ஆளு சொல்றாரு, இல்ல சார், இவங்க அப்பா எங்க கிராமத்துக்கு வந்து வாசிக்கிறவரு. என் கல்யாணத்துக்கும் வாசிச்சாரு, எங்கப்பா சாவுக்கும் வாசிச்சாரு. நாங்க அவர ஒருநாளும் உக்காரச் சொன்னதில்ல. அதான் இவனுக்கு உக்காரத் தெரியல." பாய் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "வெள்ளக்காரரு சொல்றாரு, எங்க ஊர்லயும் பழைய பாட்டெல்லாம் வச்சிருந்தவங்கள்ள பாதிப் பேர ஊருக்கு வெளியிலதான் கூடாரம் போட வச்சிருந்தோம்னு."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் அப்பாவின் முகத்தை என் முகத்தில் என்றைக்கோ பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல் மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டிருக்கிறாரே மனுஷன். திறந்து கிடந்த வீட்டுக்கு நான் இரண்டு வருஷம் காவல் இருந்திருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் என் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறார், உப்புக் குறைவு என்று குறை வேறு சொல்லியிருக்கிறார். அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் நிறைந்துவிட்டது. 'உக்காரச் சொன்னதில்ல' என்கிற வார்த்தையைத் தமிழில் எங்கள் பக்கத்தில் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அண்ணனுக்கும் அதைத் தமிழில் சொல்ல முடியாமல்தான் இருந்திருக்கும். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லையா, இல்லை உண்மையிலேயே வயிறு சரியில்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷன்மேல் எனக்கு நன்றி வந்தது. சும்மா சொல்லவில்லை, நெஞ்சு கொள்ளாத நன்றி. பாய் ஒரு பெப்சியை உடைத்து என் முன்னால் வைத்துவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டார். அவருக்கும் ஒரு நன்றி.

மறுநாள் சாயங்காலம் கிளப்பிலிருந்து மறுபடி கம்ப்ளெயின்ட். ஏசி கூலிங் இல்லை. அண்ணன் டூல்பாக்ஸைத் தூக்கினார். போய்ப் பார்த்தால் உள்ளே பல் கிட்டுகிற குளிர். டீச்சரம்மா சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். காலம் சார் கண்ணைச் சிமிட்டினார். வேலை இல்லாமல் எங்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் வேலை கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் அந்த சீசன் முழுக்க வியாழன்தோறும் அந்த ஏசி கூலிங் ஆகவில்லை.

தப்புக்குப் புதுத் தோல் போட்டிருந்தது. காலம் சார் உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டுத் தோலின் உட்பக்கம் தடவினார். ஏசியில் காய்ந்து விறைக்காமல் இருக்க அதுதான் வழியாம். தீயைக் காட்டிப் பழகியவன் நான், தடுக்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தப்பை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பீரை எடுத்துக்கொண்டார். முன்னால் நாற்காலி.

உட்கார்ந்தேன். பூட்ஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தப்பை இடது தொடையில் நிறுத்தி, தோலுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன். வயலின் தொடங்கியது. முதல் சுற்று கேட்டேன். இரண்டாம் சுற்றில் குச்சியின் நுனி மட்டும் படுகிற மாதிரி அடித்தேன். பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி ஒரு சத்தம். யாருக்கும் சாவு இல்லை, யாரும் வழி விட வேண்டியதில்லை. என் முழங்கால் பக்கத்து நாற்காலிக் கிழவரின் முழங்காலில் இடித்தது. அவர் நகர்த்திக்கொள்ளவில்லை.

அண்ணன் வாசலிலேயே டூல்பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு மறுபக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்கண்ணே" என்றேன். தாளம் விடாமல்தான் சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல, கிழவர் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்குப் பதிந்த சிடியும் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் சுற்றில், குழல் மேலே ஏறுகிற இடத்தில், தரையில் நாற்காலிக் கால் இழுபடுகிற சத்தம் ஒன்று நீளமாக வரும். காலம் சார் அதை வெட்டி எடுக்கவில்லை.