வாசம் வருவதற்கு முந்தின நாள்

கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கும் அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, செங்கமலம் காலை எட்டு மணியிலிருந்து பலாக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பெண்கள், பத்துப் பேரும் பட்டில்தான். இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், வாசலை அடைத்து ஒரு கோலம். கீரமங்கலம் பஸ்ஸில் போனவர்கள் யார் வீட்டு விசேஷம் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். விசேஷம் ஒன்றுமில்லை. பலாச்சுளையை எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பார்க்க உகாண்டாவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், அவ்வளவுதான்.

கஜா புயல் இந்தப் பக்கத்துப் பலா மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருடம், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று இவர்களுக்கு வெயிலில் உலர்த்தும் கூடாரம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. ஏழைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னத் தொழில்களுக்குக் கைகொடுப்பதுதான் அதன் வேலை. நேபாளத்தில் கொடுக்கிறார்கள், உகாண்டாவில் கொடுக்கிறார்கள், இங்கேயும் கொடுத்தார்கள். இன்று இந்தக் கொட்டகையின் காய்ந்த சுளை சென்னைக் கடைகளில் பாக்கெட்டில் தொங்குகிறது. உகாண்டாவிலும் பலா உண்டாம். அங்கிருந்து பதினைந்து பெண்கள் ஒரு மாதம் தொழில் படிக்க வரப்போகிறார்கள். இங்கே வருவதா, வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொரு குழுவிடம் போவதா என்பதை, இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு அவர்களுடைய தலைவி கிரேஸ் சொல்வாள் என்று அந்த நிறுவனத்தின் புதுக்கோட்டை ஆபீஸிலிருந்து ரகுநாத் சொல்லியிருந்தான்.

அதைக் கேட்ட நாளிலிருந்து செங்கமலத்துக்குத் தூக்கமில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டியில் பதினொரு சர்டிபிகேட் இருந்தன. எல்லாமே பயிற்சியில் கலந்துகொண்டதற்காகக் கொடுத்தவை. வருடா வருடம் ரகுநாத் நிரப்பும் படிவத்தில் ‘பயனாளியின் பெயர்’ என்ற கட்டத்தில்தான் அவள் பெயர் வரும். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. கொடுத்ததைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் எத்தனை வருடத்துக்கு ஒருத்தி பயனாளியாகவே இருப்பாள்? வாங்கியே பழகிய கைக்கு ஒரு நாளாவது கொடுத்துப் பார்க்க ஆசை இருக்காதா?

அந்த ஆசையில்தான் இத்தனை கூத்தும். விருந்தாளி வருகிற நாளில் கையும் காலும் பலாப்பாலுமாக நிற்பது மரியாதையா? இரண்டு நாளைக்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டார்கள். கூடாரத்துத் தட்டுகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்கள். ஈ மொய்க்கிறது என்று, வந்து இறங்கியிருந்த நாற்பது பழத்தையும் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மறைத்தார்கள். பிரகதீஸ்வரி தன் பங்குக்கு இரண்டு பாட்டில் பினாயிலை ஊற்றித் தரையைக் கழுவிவிட்டு, “ஆஸ்பத்திரி கணக்கா இருக்குல்லக்கா?” என்று பெருமையாகக் கேட்டாள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒன்பதரைக்கு ரகுநாத்தோடு கார் வந்தது. கிரேஸுக்கும் செங்கமலத்தின் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. நல்ல உயரம், பூப்போட்ட கவுன், ரப்பர் செருப்பு. ஆரத்திக்கு அடக்கமாகத் தலைகுனிந்தாள். பொட்டு வைக்க நெற்றியைக் காட்டினாள். கொட்டகைக்குள் ஒரு கால் வைத்தவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பிறகு கூடாரத்துக்குப் போய் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. திரும்பி ரகுநாத்திடம் என்னவோ கேட்டாள்.

ரகுநாத்தின் முகம் வெளுத்துவிட்டது. “பழம் எங்கக்கா?” என்றான் மெதுவாக.

“விருந்தாளி வர்ற அன்னிக்கு வேலை பாப்பாங்களா சார்? லீவு விட்டுட்டோம்.”

“அவங்க வேலையப் பாக்கத்தானக்கா வந்திருக்காங்க!”

செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு தலை இருக்கிறது, ஒரு தலைக்கும் இது தோன்றவில்லையே. சமாளிக்கலாம் என்று, ரகுநாத் முன்பே எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து, “எங்கள் குழு தொடங்கப்பட்ட நாள் முதலாக” என்று வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் கிரேஸ் கையமர்த்தினாள். கோபமாக இல்லை, களைப்பாக.

“போன வாரம் பாத்த எடத்துலயும் இப்படித்தான் வாசிச்சுக் காட்டுனாங்களாம்” என்றான் ரகுநாத். “சினிமா மாதிரி வீடியோவும் போட்டாங்களாம். நாலு மணிக்கு இவங்க திருச்சிக்குக் கெளம்பணும்க்கா.”

கிரேஸ் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அதே கூடாரம். அதே தட்டு, கருத்த கறையோடு. உள்ளே கோழிகள் நின்றன. பின்னால் இருந்த பெண்களில் யாரோ சிரிக்கப் பார்த்து, செங்கமலத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ரகுநாத் கேட்டுக் கேட்டுச் சொன்னான். “அவங்களுக்கும் இதே கூடாரம்தான், இதே பயிற்சிப் புஸ்தகம்தான். மொத வருசம் போட்ட பழம் அத்தனையும் தட்டோட ஒட்டிக் கருத்துப் போச்சாம். பதினஞ்சு பொம்பளைங்களும் ஊர்ல தலைகாட்ட முடியலையாம். எங்க தப்புப் பண்ணுனோம்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியலையாம். அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாங்களாம்.”

செங்கமலம் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அந்தக் கருப்பு அவளுக்குத் தெரியும். முதல் வருடம் முந்நூறு பழம். புத்தகத்தில் ‘நன்கு பழுத்த பழம்’ என்று போட்டிருந்தது, நன்கு பழுத்ததையே போட்டார்கள். எல்லாம் பாகாக உருகித் தட்டில் அப்பிக்கொண்டது. எறும்பு ஊர் எல்லையிலிருந்து வரிசை கட்டி வந்தது. தோசைத் திருப்பியால் தட்டுகளைச் சுரண்டிச் சுரண்டி அழுதது அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம் இவர்களாகப் பட்டுத் தேறி வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆபீஸிலிருந்து எப்படிப் போகிறது என்று கேட்டபோதெல்லாம், நல்லா போகுது சார் என்றே சொன்னார்கள். புத்தகத்தில் அந்த வரி திருத்தப்படாமலே கடல் தாண்டிப் போயிருக்கிறது.

சொல்லாமல் விட்டால் இப்போதும் யாருக்கும் தெரியாது. சொன்னால் பதினைந்து பேரும் அந்த வீடியோக்காரர்களிடம் போய்விடலாம். செங்கமலம் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சார், அவங்ககிட்ட சொல்லுங்க. அந்தத் தப்பு எங்க மேலதான். எங்களுக்கும் முந்நூறு பழம் இப்படித்தான் போச்சு. நாங்க வாயத் தொறக்கல.”

ரகுநாத் மொழிபெயர்க்க மறந்து நின்றான். “ஏழு வருசமா ஏன்க்கா சொல்லல?”

“சீர் குடுத்தவங்ககிட்டயே போயி அண்டா ஓட்டைன்னு சொல்லுவமா சார்?”

அவன் அதை எப்படிச் சொன்னானோ, கிரேஸ் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். அப்புறம் நெஞ்சில் கைவைத்து என்னவோ சொன்னாள். “அவங்களும் ஆபீஸுக்கு நல்லா போகுதுன்னுதான் எழுதிப் போட்டாங்களாம்” என்றான் ரகுநாத், தன் ஆபீஸை நினைத்து நெற்றியைத் தடவிக்கொண்டே.

அதற்குமேல் செங்கமலம் யாரையும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். “ஏ பிரகதீஸ்வரி, தார்ப்பாய எடுங்கடி. உள்ள பினாயில் நாத்தம். இங்கிட்டு மரத்தடியிலயே சாக்கை விரிங்க.” பட்டுப் பாழாகிவிடும் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கால் மணியில் பதினொரு பட்டும் மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தன, முழங்கை வரை தேங்காய் எண்ணெயோடு. எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிறதுதான் ஒட்டும் என்பார்கள். பலாப்பால் சரிகையில் நன்றாகவே ஒட்டியது.

நாற்பதில் உலர்த்த ஏற்ற ஒன்றை எடுக்கும்படி செங்கமலம் கிரேஸிடம் சைகை காட்டினாள். கிரேஸ் ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்து, தேன் மணக்கும் ஒன்றைத் தொட்டாள். செங்கமலம் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“வாசம் வந்துட்டா அது திங்கிற பழம். நமக்கு வேணுங்கிறது வாசம் வர்றதுக்கு மொத நாளு. மூக்கு சொல்லாது, காதுதான் சொல்லும்.”

ரகுநாத் மொழிபெயர்க்க வாயெடுத்தான். செங்கமலம் அதற்குள் கிரேஸின் கையைப் பிடித்து ஒரு பழத்தின் மேல் விரல் முட்டியால் தட்டவைத்தாள். டக் டக் என்றது. “காய்.” மணக்கிற பழத்தில் தட்டவைத்தாள். பொத் என்று அமுங்கிய சத்தம். “போச்சு.” மூன்றாவதில் தட்டினாள். உள்ளே யாரோ ஒருத்தி தூக்கத்தில் ம் என்றது மாதிரி ஒரு சத்தம். “இது! இன்னிக்கு இது.” கடைசியில் டக் என்பதற்கும் ம் என்பதற்கும் நடுவில் ஒலித்த ஒன்றைத் தட்டிக் காட்டி, “இது நாளைக்கு” என்றாள்.

கிரேஸ் தட்டினாள். தப்பாகச் சொன்னாள். மறுபடி தட்டினாள். பதினோராவது பழத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே சத்தமாக “ஆங்!” என்றார்கள். செங்கமலத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கையில் எண்ணெய் இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள். தனக்கு இது இத்தனை தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்த மாதிரி இருந்தது. பட்டணத்திலிருந்து வந்து பாடம் நடத்திய எத்தனையோ பேர் முன்னால் அவள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவர்களில் ஒருவருக்கும் இந்த ஓசை தெரியாது.

மூன்று மணிக்குத்தான் இலை போட்டார்கள். கிரேஸ் கையால் சாப்பிட்டாள், இரண்டு தரம் ரசம் கேட்டாள், பதினைந்து பேர் படுக்க இடம் எது என்றும் கேட்டாள். கூடாரத்தில் பதினாறு தட்டு நிறைந்து வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது.

ரகுநாத் காரின் பானட்டில் படிவத்தை வைத்துக்கொண்டு செங்கமலத்தைக் கூப்பிட்டான். “முடிவு அவங்க மெயில்லதான் வரும்க்கா, என்னைக் கேக்காதீங்க. ஆனா இங்க ‘பயிற்சி அளித்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. ஒங்க இனிஷியல் என்ன?”

“நா” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “நா. செங்கமலம்” என்று முழுதாகச் சொன்னாள். அவன் எழுதி முடிக்கும் வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரேஸ் ஒரு பழத்தைத் தானே தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். ஃபிளைட்டில் விடமாட்டார்கள் என்று ரகுநாத் கெஞ்சியதை அவள் காதில் வாங்கவில்லை. கார் நகரும்போது கண்ணாடியை இறக்கி, மடியிலிருந்த பழத்தை முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, செங்கமலத்தைப் பார்த்து, “நாளைக்கு” என்றாள்.

செங்கமலம் கூடவே நாலு எட்டு ஓடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தானும் தட்டிப் பார்த்தாள். நாளைக்குத்தான்.

கார் புளியமரத் திருப்பத்தில் வளைந்தது. பின் கண்ணாடியில், அந்தப் பழத்தின் மேல் காதை வைத்துக் குனிந்திருந்த தலை தெரிந்தது.