மூடச் சொன்னவர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஒரு தமிழ்க் காலாண்டிதழ் நடத்தும் ஸ்ரீதரன், பிரான்சின் நாட்டுப்புறத்தில் வீடு வாங்குவது, வாடகைக்கு எடுப்பது, சூடாக்குவது பற்றி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். தொடர்மாடிகளை விட்டுவிட்டு எங்கள் சனம் இப்போது தூரத்துக் கிராமங்களில் பழைய கல்வீடுகளை வாங்குகிறதாம். நான் பிரான்சுக்குப் போனதே இல்லை. மொன்றியலில் இருப்பவளுக்குக் குளிரைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்றார். இந்த மாதிரிப் புகழ்ச்சிக்கு நான் எப்போதும் மயங்கிவிடுவேன்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எனக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் உருத்திரமூர்த்தி அண்ணை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அவருடைய தங்கை குணேஸ்வரி பிரான்சில் அப்படியொரு கல்வீட்டில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். "இருந்தவர்" என்பதைப் பற்றி யோசிக்காமல் குறிப்புப் புத்தகத்தோடு கீழே இறங்கிப் போனேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

மாசி மாதத்தில் போய் வீட்டைப் பாருங்கள்; ஆனியில் எந்த வீடும் அழகுதான். முடிந்தால் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். விறகு இரண்டு வருடம் காய்ந்ததாக இருக்கட்டும். புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துத் துப்புரவாக்கி, அதற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். கல்வீடு மெல்லத்தான் சூடேறும். வீட்டைச் சூடாக்கும் விறகடுப்புக்குப் பின்னால், சுவரின் அடியில், ஒரு துளை இருக்கும். அதை

(இந்த வசனம் இங்கேயே நின்றுவிட்டது. அவர் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். திரும்பி வந்து மிச்சத்தைச் சொன்னபோது நான் எதையும் எழுதவில்லை.)

2

கதைக்கு முதல் தொடக்கம்: "குளிர் என்பது ஒரு நாட்டின்..." வேண்டாம். மேடையில் ஏறிய குரல்.

இரண்டாவது: "குணேஸ்வரி இறந்த அன்று மொன்றியலில் பனி..." அன்று பனி கொட்டியதா என்று எனக்குத் தெரியாது. சாவு என்றதும் வானிலையைத் துணைக்குக் கூப்பிடும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: உருத்திரமூர்த்தி யன்னல் ஒட்டுவதில் கெட்டிக்காரர்.

3

இந்த ஊரில் குளிர் இறங்குமுன் வாடகைக்கு இருப்பவர்கள் பலர் செய்கிற வேலை அது. யன்னல் சட்டத்தைச் சுற்றி இருபுறமும் ஒட்டும் நாடாவைப் போட்டு, மெல்லிய பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் தாள் மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். எங்கள் கட்டடத்தில் பாதி யன்னல்களை ஒட்டியவர் அவர்தான். காற்று நுழையும் இடத்தை நனைத்த விரலால் தேடிக் கண்டுபிடிப்பார். எங்கள் வீடுகளில் சூடு, சுவரோரம் ஓடும் மின்சார ஹீற்றரிலிருந்து வருகிறது. அது எரிவதற்குக் காற்றைக் கேட்பதில்லை. முப்பது குளிர்காலமாக அவர் இதை யோசிக்கத் தேவை வரவில்லை.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் கல்வீட்டிலிருந்து தங்கை வீடியோவில் அழைத்தார்.

"அண்ணை, அடுப்பு எரியுது, ஆனா கால் விறைக்குது. பின்னாலை இந்த ஓட்டையாலை காத்து அடிக்குது."

"காட்டு பாப்பம். உது எலி போற அளவிலை இருக்கு. மூடிவிடு."

"வீடு வித்த ஆள் அதை அப்பிடியே விடச் சொன்னவர்."

"அவையளுக்கு என்ன குளிர் தெரியும்? நாங்கள் மைனஸ் முப்பதிலை இருக்கிறம். நான் சொல்லுறன், மூடு."

இரண்டு பெட்டி தாளும் தபாலில் அனுப்பினார். ஒட்டியது தங்கையின் கணவர் வலன்ரைன். யன்னல்களை முடித்த பிறகு குணேஸ்வரி, "இதுக்கும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கோ" என்றார். மூடச் சொன்னது அண்ணன் என்று அவர் சொல்லவில்லை. வலன்ரைன் முழந்தாளிட்டு ஒட்டினார்.

வீடு சூடாகிவிட்டது. குணேஸ்வரி சந்தோசமாகப் படம் அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு காலை, வலன்ரைன் தேவாலயப் பூசைக்குப் போய்த் திரும்பியபோது அவர் அடுப்புக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே இறந்திருந்தார். விறகுக்குக் காற்றுப் போதாமல், நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு அறையை நிறைத்திருந்தது. தீயணைப்புக்காரர் துளையிலிருந்த தாளைக் கிழித்துக் காட்டினாராம்.

"நான்தான் ஒட்டினனான் மச்சான்," வலன்ரைன் தொலைபேசியில் அழுதார். "என்ரை கையாலை. அவள் கேட்டவள், நான் ஒருக்கா யோசிச்சிருக்க வேணும்."

"அழாதை மச்சான்," என்றார் உருத்திரமூர்த்தி. வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று வருடமாகிறது. வலன்ரைன் அதே வீட்டில்தான் இருக்கிறார். துளை திறந்திருக்கிறது, புகைபோக்கி துப்புரவாக இருக்கிறது, விறகு அடுக்கியபடி காய்கிறது. அவர் அடுப்பை மூட்டுவதில்லை. வீடியோவில் பார்க்கும் போதெல்லாம் தடித்த கோட்டோடு இருக்கிறார், பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. "எனக்கு இது போதும் மச்சான்" என்கிறார்.

4

உருத்திரமூர்த்தி என்ற இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் மூன்று வருடம் உண்மையைச் சொல்லாமல் இன்னொருவனைக் குளிரில் இருத்தி வைப்பானா? எழுதுகிறவளுக்குக் கோபம் வரக்கூடாது என்பார்கள். எனக்கு வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த நேரம் வாய் வரேல்லை. பேந்து, நேரம் போயிட்டுது."

(அவருக்கும் செத்தது தங்கைதான். இதை நான் அடைப்புக்குறிக்குள் போட்டதே அநியாயம்.)

பெயர்களை மாற்றி எழுதிய முதல் பிரதியை அவரிடம் கொடுத்தேன். மெதுவாக வாசித்தார்.

"பிள்ளை, ஒண்டு மாத்தேலுமோ? கதையிலை நான் மூடாதை எண்டு சொல்லுறன்."

மாற்ற முடியும். நாலே வரி; எழுதிக் கொடுத்தேன். அந்த முடிவில் அவர், "மூடாதை, அடுப்புக்கும் மூச்சு வேணும்" என்கிறார். குணேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டு இரண்டு சோடி காலுறை போடுகிறார். வலன்ரைன் பூசையால் வரும்போது சோறு சுடச்சுட இருக்கிறது. உருத்திரமூர்த்தி அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது வேண்டாம்," என்றார். "நடந்ததைப் போடுங்கோ. பேரையும் மாத்தாதேங்கோ. வலன்ரைன் வாசிக்கட்டும்."

"நீங்களே போன் எடுத்துக் கதைக்கலாமே அண்ணை."

"கதைச்சால் என்ரை அழுகையைக் கேட்டு உடனை பரவாயில்லை எண்டுவான். அவன் அப்பிடித்தான். வாசிச்சால் ஆற அமர இருந்து கோபப்படுவான். அவனுக்கு அது வேணும்."

கதைகளைப் பற்றி என்னிடம் யாரும் இவ்வளவு நம்பிக்கையோடு பேசியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

5

கட்டுரைக்குப் பதில் இதைத் தருவதாகச் சொல்லி ஸ்ரீதரனிடம் விசாரித்தேன். குணேஸ்வரியின் பெயருக்குப் போன காலாண்டிதழ் இன்னும் அந்த வீட்டுக்குப் போகிறதாம். அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. ஒரு மன்னிப்பு எழுதிப் பார்த்தேன், ஒரு சண்டை எழுதிப் பார்த்தேன். இரண்டும் வேறொருவருடைய வாயில் நான் திணித்த சொற்களாக இருந்தன. மற்ற வாசகர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

வலன்ரைன் அண்ணை, இனி வருவது உங்களுக்கு. அந்தத் துளையை மூடச் சொன்னவர் உருத்திரமூர்த்தி. குணேஸ்வரி அக்கா தயங்கினவர், அண்ணன்தான் வற்புறுத்தினவர். உங்களுக்கு அது தெரியாது. மன்னிக்கும்படி அவர் கேட்கவில்லை. அவரோடு கதைப்பதா, இனி ஒருநாளும் கதைக்காமல் விடுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுங்கள். அடுப்பை மட்டும் இன்றைக்கே மூட்டுங்கள்.