இடம் மாறிய இதயம்

அச்சிட்ட உருவத்துக்கு முட்டாக நின்ற கடைசிப் பிளாஸ்டிக் குச்சியைக் குறடால் கிள்ளி எறிந்தான் சிவபாண்டி. விரல் நுனியில் ரத்தம். துடைக்க நேரமில்லை.

"அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம்?" உடற்கூறியல் துறையின் டாக்டர் அப்சானா வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. "டீன் கார் உள்ள வந்திருச்சு."

"முடிஞ்சது மேடம். தூசிய ஊதிட்டு எடுத்துட்டு வாரேன்."

மேசையில் ஆள் அளவுக்கு ஒரு நெஞ்சுக்கூடு. நிஜ மனிதன் ஒருவனின் ஸ்கேனை வைத்து, த்ரீடி பிரிண்டர் நாலு நாளாக இழை இழையாக எழுப்பியது. விலா எலும்பைக் கதவு மாதிரி திறக்கலாம். உள்ளே சிவப்பில் இதயம், பழுப்பில் கல்லீரல்.

நாகமலை அடிவாரத்திலிருந்த அந்த மருத்துவக் கல்லூரியில் நூற்றைம்பது மாணவர்களுக்கு அறுத்துப் படிக்க நான்கே உடல்கள். பின்வரிசைக்காரன் படித்ததெல்லாம் முன்வரிசைக்காரனின் முதுகைத்தான். அப்சானா நடையாய் நடந்து, மூன்று மாதச் சோதனைக்கு இந்த பிரிண்டரை வாங்கியிருந்தாள். இன்று கடைசி நாள். டீன் ராஜாராமன் தலையாட்டினால் பிரிண்டர் தங்கும். இல்லையென்றால் அதோடு, அதை இயக்க வந்த சிவபாண்டியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வகுப்பறை நிறைந்திருந்தது. டீன் நெஞ்சுக்கூட்டைத் திறந்தார். குனிந்தார். நிமிரவில்லை.

"ஏம்மா அப்சானா, இதயம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

அப்சானா எட்டிப் பார்த்தாள். இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்லீரல் இடப்பக்கம்.

"மாப்ள, கண்ணாடியப் பாத்து பிரிண்ட் போட்டுட்டாய்ங்கடா." பின்வரிசையிலிருந்து குரல். வகுப்பே சிரித்தது.

இந்த வேலையில் எல்லோரும் பயப்படுகிற தவறு அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு போதும், படம் புரண்டு இடம் வலமாகிவிடும்.

"இதப் பாத்துப் படிச்சவன் நாளைக்கு எந்தப் பக்கம் கத்தி வைப்பான்?" டீன் குரலை உயர்த்தவில்லை. "மெஷினத் திருப்பி அனுப்பிரும்மா."

அப்சானா சிவபாண்டி பக்கம் சாய்ந்தாள். "புரட்டிட்டீங்களாண்ணே?"

"நான் புரட்டல மேடம்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மூன்று மாதம், நாற்பது எலும்புகள். ஒன்றில்கூட அவன் தவறியதில்லை. அவள் டீனின் பாதையை மறித்தாள்.

"சார், பத்தாயிரத்துல ஒருத்தருக்கு உள்ள இருக்கிறது எல்லாமே பக்கம் மாறி இருக்குமில்ல? இது அப்படி ஒருத்தரோட ஸ்கேனா இருந்தா?"

"இருந்தா அந்த ஆள என் முன்னாடி நிறுத்து. மெஷின் இங்கயே இருக்கட்டும்."

ஸ்கேனில் பெயர் இருக்காது, அழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆனால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து உண்டு. நோயாளிகளிடமிருந்து கடிதம் வராமல் இழுத்துக்கொண்டே போனபோது, 'ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு மேடம்' என்று சிவபாண்டிதான் போன வாரம் வந்து சொன்னான்.

"அந்தக் கடிதம் இருக்குற ஃபைலக் குடுங்கண்ணே. யாரு அவரு?"

சிவபாண்டி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டான். "வேணாம் மேடம்."

"பிரிண்டரே போகுதுண்ணே. உங்க வேலையும் போகுது. யாரக் காப்பாத்துறீங்க?"

டீன் கதவருகே போய்விட்டார்.

"சார், ஒரு நிமிசம்."

சிவபாண்டி ஃபைலை மேசையில் வைத்தான். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினான். "உங்க ஸ்டெதாஸ்கோப்ப எடுங்க சார்."

டீன் முறைத்தார். ஆனாலும் கோட்டுப் பையில் கை போனது. முப்பது வருட இதய மருத்துவர். பழக்கத்தில் இடப்பக்கம் வைத்தார். புருவம் சுருங்கியது. எங்கோ தூரத்தில் லேசான சத்தம். சிவபாண்டி அவர் கையைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான்.

லப் டப். லப் டப். காதை அடைத்தது.

டீனின் வாய் திறந்தபடி நின்றது.

"யாருகிட்டயும் கேக்காம எடுக்க முடிஞ்சது இந்த ஒரு ஸ்கேன்தான் சார்," என்றான் சிவபாண்டி. "வெளிய தெரிஞ்சா பசங்க என்னையவே மாடலா நிறுத்திருவாய்ங்கன்னு சொல்லல. கம்ப்யூட்டர்ல புரட்டி, எல்லாரு மாதிரியும் ஆக்கிறலாம்னுதான் நெனச்சேன். அவசரத்துல புரட்ட மறந்துட்டேன்."