தராசில் ஏற்றிய மெழுகுவர்த்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரியும். ஆனா அடுத்தவளைப் பார்த்துக் கை நீளம்னு சொல்ற அளவுக்கு அது நீளும்னு போன வாரம் வரைக்கும் எனக்கே தெரியாது.

வீட்டுப் பின் ரூம்ல மெழுகுவர்த்தி செய்றோம். நான், என் வீட்டுக்காரர், அவரோட தங்கச்சி. தங்கச்சிக்கு நாற்பது தாண்டியாச்சு, தலை பாதி நரைச்சாச்சு, ஆனா வீட்ல இன்னும் அவ பேரு பாப்பாதான். புருஷன் தவறிப் போனதும் ஒரே ஒரு பையோட எங்க வீட்டுக்கு வந்தா. வேலைன்னு வந்துட்டா முணுமுணுக்கவே மாட்டா.

புதுசா ஒரு ஹோட்டல்காரர் ஆர்டர் குடுத்தார். மேசைக்கு ஒண்ணுன்னு கண்ணாடிக் குவளையில மெழுகு ஊத்திக் குடுக்கணும். எரிஞ்சது போக மிச்சத்தைக் குவளையோட திருப்பித் தந்துடுவாங்க. நாங்க அதை உருக்கி, புதுத் திரி போட்டு மறுபடி ஊத்துவோம். காலையில போய் வாங்கிட்டு வர்றது பாப்பா வேலை.

வந்த குவளை எல்லாத்துலயும் பாதிதான் இருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. சாதா மெழுகுவர்த்தின்னா தட்டுல, தரையில வழிஞ்சு வீணாப் போகும். இது கண்ணாடிக்குள்ள கிடக்கு. வழிய இடமே இல்லையே! கல்யாணமான நாள்லருந்து மெழுகு உருக்குறவ நான். கட்டியாப் போடுவேன், தண்ணியாகும், அச்சுல ஊத்தினா மறுபடி கட்டி. போட்ட எடை அப்படியே நிக்கும். மெழுகு தானா எங்கயும் போகாது, ஆள்தான் எடுத்துட்டுப் போகணும். போதாக்குறைக்கு, 'நானும் தனியா ஏதாவது தொழில் பார்க்கலாம்னு இருக்கேன் அண்ணி'ன்னு அவ அப்பத்தான் சொல்லியிருந்தா. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டேன்.

அன்னைக்குன்னு பார்த்து மெழுகு இறக்குற வண்டிக்காரரும் இருந்தார். ஆள் இருக்கே, அடக்கி வாசிப்போம்னு தோணலையே எனக்கு!

"பாப்பா, மிச்ச மெழுகு எங்க?"

"எந்த மிச்சம் அண்ணி? அதான் எரிஞ்சிடுச்சே."

"எரியுறது திரிடி. மெழுகு உருகத்தானே செய்யும்?"

"உருகினது திரும்ப வரும் அண்ணி. எரிஞ்சது எப்படி வரும்?"

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

என் வீட்டுக்காரர், "விடுடி, அவ அப்படிப்பட்டவ இல்ல"ன்னார். அவர் சொன்னதே எனக்கு எண்ணெய் ஊத்தின மாதிரி ஆச்சு. விடுவிடுன்னு போய் அவ கட்டிலுக்கு அடியில இருந்த பையை இழுத்துட்டு வந்து மேசை மேல கொட்டினேன். ரெண்டு சேலை. ஒட்டுப் போட்ட உள்பாவாடை. கைக்குட்டையில சுத்தி வச்ச அவ புருஷனோட மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான். வண்டிக்காரர் சட்டுன்னு சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார். பாப்பா அந்த உள்பாவாடையை மட்டும் எடுத்து முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டா.

மனுஷின்னா அதோட நிறுத்தியிருப்பா. நான் நிறுத்தல.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க"ன்னு ஒரு புதுக் குவளையை, வாசனை எண்ணெய் அளக்குற தராசுல வச்சேன். புள்ளிக்குப் பின்னாடி வரைக்கும் எடை காட்டுற தராசு. திரியைப் பத்தவச்சேன். "இப்ப இதுல இருந்து மெழுகு எங்க போகுதுன்னு பார்ப்போம்!"

சுடரைச் சுத்தி மெழுகு கண்ணாடி மாதிரி உருகிச்சு. கடைசி எண் எட்டுல நின்னுச்சு. நான் இடுப்புல கை வச்சுக்கிட்டேன். எட்டு, ஏழாச்சு.

"ஃபேன் காத்து"ன்னேன். என் வீட்டுக்காரர் போய் ஃபேனை நிறுத்தினார். சுடர் ஆடாம நின்னுச்சு. ஏழு, ஆறாச்சு.

"பேட்டரி போயிருக்கும்."

ஒரு சொட்டு வெளியில சிந்தல, ஒருத்தர் கையும் படல. ஆறு, அஞ்சு. எண் இறங்க இறங்க எனக்குக் காது மடலெல்லாம் சுட்டுச்சு. ஊதி அணைக்கணும்னு தோணுது, வாய் வரல. எப்பவும் ஓயாத வாய் அது! "நான் அப்புறமா வர்றேன்மா"ன்னு வண்டிக்காரர் நழுவிட்டார்.

கடைசியில பாப்பாதான் குனிஞ்சு ஊதினா. "போதும் அண்ணி, வீணா எரியுது."

திரியிலருந்து வெள்ளையா ஒரு புகை கிளம்புச்சு. தினமும் நான் உருக்குற மெழுகோட அதே வாசனை. மெழுகேதான் புகையாப் போகுது. இத்தனை வருஷமா இந்த மூக்குல என்னத்தை மோந்தேனோ.

"பாப்பா, நான்..."ன்னு அவ சாமானை எடுத்து வைக்கப் போனேன். மூக்குக்கண்ணாடியை என் கையிலருந்து மெதுவா வாங்கிக்கிட்டா. "குவளை சூடா இருக்கு அண்ணி, தொட்டுடாதீங்க"ன்னா. திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிட்டு நின்னிருப்பேன். என் வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி தானே சோத்தைப் போட்டுச் சாப்பிட்டுக்கிட்டார்.

மறுநாள் காலையில குவளை வாங்கக் கிளம்பினவ, செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து குவளை எடுத்துட்டு வர்ற பையைத் திறந்து காட்டினா. "பார்த்துக்கோங்க அண்ணி." குரல்ல குத்தல் கிடையாது. இருந்திருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். திரும்பி வந்ததும் நேரா தராசுகிட்ட போய், ஒவ்வொரு குவளையா என் கண் முன்னாடி வச்சு எடுத்தா.

"வேணாம் பாப்பா, உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"இருக்கட்டும் அண்ணி."

தினமும் இப்படித்தான். இன்னைக்கும் வந்து பையைத் திறந்தா. பார்க்கவே கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ போகல. திறந்த பையோட அங்கயே நின்னா.

பார்த்தேன். அப்புறம்தான் செருப்பைப் போட்டா.