ஓட்டுநர் கடித்த ரொட்டி

இந்தக் கதை, எங்கள் மர்கிலான் ஊரில் பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு ரொட்டியிலிருந்து வந்தது. எங்கள் வழக்கப்படி, ஊரை விட்டுப் போகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்; மிச்சத்தைத் தின்னத் திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் இதைக் கடித்தவர் அந்த வீட்டாரே இல்லை.

1

அந்த வீட்டு மகள் சனோபர் தலைநகர் தாஷ்கண்டுக்கு வேலைக்குக் கிளம்பிய காலை, மழை மெல்ல—

(அடித்துவிட்டேன். ஆகஸ்டில் இங்கே ஏது மழை? எழுதுகிறவனுக்காக இறைவன் பருவத்தை மாற்றுவதில்லை.)

2

வாடகைக் கார் வாசலில் நிற்கிறது. அம்மா ஒய்னிசா ரொட்டியை நீட்டுகிறாள்.

"ஒரு வாய் கடிடீ."

"மாட்டேன்மா. திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல. ரொட்டிகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப கார்ல ஏறாத."

"இங்க இருந்து என்ன பண்றது? பட்டுப்புழுவுக்கு இலை போடவா?"

"புழுவாவது கூடு கட்டிக்கிட்டு வீட்டோட கிடக்கு!"

அம்மா ரொட்டியை ஓட்டுநர் துர்சுனின் கையில் திணித்துவிட்டு மகளின் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். மகள் மறுபக்கம் இழுத்தாள். அப்போது 'கறுக்' என்று ஒரு சத்தம்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றாள் சனோபர்.

"பசிம்மா," என்றார் துர்சுன், மென்றபடி. "காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

அம்மா பெட்டியை விட்டாள். ரொட்டியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"போறவ போகட்டும். நீங்க திரும்பி வரணும், தம்பி."

3

இந்த ஓட்டுநரை நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்து ஆள் எவரும் அந்த ரொட்டியைத் தெரியாமல் கடிக்க மாட்டார். முட்டாளாக எழுதிப் பார்த்தேன்; அவர் மேல் ஒட்டவில்லை.

(ஓரக்குறிப்பு: அவருடைய முன்சீட்டில் ஒரு பை நிறையச் சூடான இறைச்சி சம்சா இருந்தது. தொடவே இல்லை.)

4

அன்றிலிருந்து வெள்ளிதோறும் வருகிறார். அம்மா புலாவ் பரிமாறுகிறாள். ரொட்டியை மட்டும் தொட விடுவதில்லை. அதைத் தின்று முடித்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்?

எதிர்வீட்டு ஹாலிதா அவருடைய மீசையைப் பார்த்தே கேட்கிறாள்: "வேலை புடிச்சிருக்கா, சனோபரு? இளைச்சுட்டியே!"

"புடிச்சிருக்கு அத்தை. ரூம்தான் குளிருது," என்று சனோபருக்குப் பதிலாகத் துர்சுன் சொல்கிறார்.

அம்மா உடனே பஞ்சு ரஜாய்ப் போர்வை ஒன்றைக் கட்டி அவரிடம் கொடுக்கிறாள். அது சேர வேண்டியவளிடம் போய்ச் சேர்கிறது.

5

முடிவு ஒன்று: சனோபர் ஊருக்கே திரும்பி— (தெருவுக்குப் பிடிக்கும். அவளுக்கு?)

முடிவு இரண்டு: அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு தாஷ்கண்டுக்கு— (ரொட்டியை யார் பார்த்துக்கொள்வது?)

நேற்று போனில் மகள் கேட்டாள்: "அம்மா, அந்த ரொட்டில மிச்சம் இருக்கா?"

"நிறைய இருக்கு கண்ணு. அவருக்குச் சின்ன வாய்."

இன்று வெள்ளி. கார் வந்து நிற்கிறது. பின்கண்ணாடி முழுக்க வெயில். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. பழைய கார், பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. எனக்குக் கை வரவில்லை. நீங்கள் கொஞ்சம் வெளியிலிருந்து திறந்துவிடுங்கள். காலியாக இருந்தாலும் பாதகமில்லை, துர்சுனுக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறது.