நல்லதண்ணி வால்வு திறக்கும் முன்

1

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. நல்லதண்ணி வால்வு திறக்கும் முன்பே மாதிரிப் பாட்டில்கள் இரண்டையும் நிரப்பிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. இனி வேலையைத் தொடங்கும் முன் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில், நாட்குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நான்கு பக்கக் கதையாக்கி வரச் சொன்னார்கள். என் நாட்குறிப்பில் பெரும்பாலும் தவறுகள்தான் இருக்கும். இருப்பதிலேயே சின்னதை எடுத்தால் பயமில்லாமல் எழுதலாம் என்று இதைத் தேர்ந்தெடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

நீங்கள் குழம்பாமலிருக்கச் சில விவரங்கள். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையில், நான் ஆய்வகப் பணியாளர். ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியைத் தாண்டி, ஒரு குழாய் வழியாகப் பின்புற வாய்க்காலில் விழுகிறது. மாதம் ஒரு புதன்கிழமை அரசின் சுற்றுச்சூழல் ஆய்வாளர் வந்து அந்தக் குழாயில் இரண்டு பாட்டில் பிடிக்க வேண்டும். ஒன்று அரசு ஆய்வகத்துக்குப் போகும், அதன் இரட்டை எங்களிடம் இருக்கும். விதி அப்படி. நடப்பது வேறு. செவ்வாய்க்கிழமையே நான் இரண்டையும் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் அவர் அலுவலக அறையில் உட்கார்ந்து மூடியின்மேல் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்.

நிரப்பும் முன் பம்ப் ஆபரேட்டர் நல்லதண்ணி வால்வைத் திறப்பார். ஆழ்குழாய்த் தண்ணீர் அதே குழாயில் கலந்து வரும். இந்தச் செவ்வாய் அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். நான் வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொண்டே போய்ப் பாட்டிலைப் பிடித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "ஆய்வாளர் சரியான ஊழல் பேர்வழி. அவருடைய தோல்பை எப்போதும்—"

விட்டுவிட்டேன். அவருடைய பையில் மூட்டுவலித் தைலமும் கோப்புகளும்தான் இருக்கும். எங்களிடம் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். புதன்கிழமை சீல் ஒட்டும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அறுபத்திரண்டு ஆலைம்மா. ஒரே ஒரு ஜீப்பு. அதுவும் பாதி நாள் ஒர்க்‌ஷாப்லதான் குடித்தனம். ஒவ்வொரு குழாய்கிட்டயும் நான் நின்னு பிடிச்சேன்னா, ரிட்டயர் ஆனப்புறமும் பிடிச்சிட்டே இருக்கணும்."

"இந்தத் தடவை குழாய்ப் பக்கம் வந்து பார்க்கறீங்களா சார்?"

ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார்.

"நான் போலீஸ் இல்லம்மா, போஸ்ட்மேன். குடுக்கறதை வாங்கிட்டுப் போறவன்."

இவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை. நல்லவராக்கவும் முடியவில்லை.

தொடக்கம் இரண்டு: "அவளுக்கு எதுவும் தெரியாது."

இந்த 'அவள்' நான். வேலையில் சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த செய்முறைத் தாளில் முதல் படி: 'குழாயில் தங்கிய கசடு போக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவும்.' சுத்தமான பழக்கம் என்று நினைத்தேன். கழுவினால், கழுவி முடித்து வால்வை மூடிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். நாங்கள் ஒருமுறைகூட மூடியதில்லை. இரண்டு வருடம், இருபத்துநான்கு மாதம், திறந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று பாட்டில் பிடித்திருக்கிறேன். தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் அதுவும் முழு உண்மை இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தமிழில் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

[குறிப்பு: இருந்தாலும் அதை நான் பயன்படுத்தக் கூடாது என்று தோன்றுகிறது.]

3

புதன் பிற்பகல் எங்கள் இரட்டைப் பாட்டிலைக் கருவியில் வைத்தேன். அனுமதித்த வரம்பைப் போலப் பதினொரு மடங்கு ஈயம் காட்டியது.

முதலில் கருவியைச் சந்தேகித்தேன். பிறகு கண்ணாடிக் குழல்களைச் சந்தேகித்து, அமிலத்தில் போட்டுக் கழுவினேன். பிறகு வழக்கம்போல் என்னையே சந்தேகித்தேன். மறுபடி ஓட்டினேன். பதினொன்று. மூன்றாம் தடவையும் பதினொன்று. ரிஜிஸ்டரில் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று விதி. பேனாவால் எழுதினேன். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. எழுதும்போதே வந்திருந்தால் பென்சிலை எடுத்திருப்பேனோ என்னவோ.

இதே நீர் சீல் வைத்த பாட்டிலில், ஆய்வாளரின் கையெழுத்தோடு, அரசு ஆய்வகத்துக்குப் போய்விட்டது. முடிவு வர மூன்று வாரமாகும்.

4

வியாழக்கிழமை வகுப்பில் முதல் இரண்டு பக்கங்களைப் படித்தேன். அதில் ஈயம் இல்லை. ஆலை வாசலில் தினமும் பையைத் திறந்து பார்க்கிறார்கள், இந்த நோட்டும் பையில்தான் இருக்கிறது. அதனால் பேட்டரி ஆலையை மிட்டாய் ஆலை என்றும் ஈயத்தைச் சர்க்கரை என்றும் மாற்றியிருந்தேன்.

வகுப்பிலிருக்கும் தையற்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, மிட்டாய்த் தண்ணி வாய்க்கால்ல போனா எறும்புதானே வரும்? அதுக்கு எதுக்கு அந்தப் பொண்ணு இப்படி நடுங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது சரி. பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படும் பொருளை எடுத்துவிட்டால் கதை நிற்காது. அன்றைக்குச் சர்க்கரையையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி ஈயம் என்று எழுதினேன். மறுநாளிலிருந்து நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். வாசலில் பையைத் திறந்து காட்டும்போது, இல்லாத நோட்டுக்காகவும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

5

வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் அவர் மேசைமேல் விரிந்திருந்தது.

இவரையும் நான் ஒழுங்காக எழுத வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று தன் காரிலேயே என்னை மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டவர் இவர்.

"என்னம்மா இது, பதினொரு மடங்குன்னு இருக்கு? புள்ளி எதையாவது விட்டுட்டியா?"

"இல்ல சார். மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன்."

"வால்வு?"

"திறக்கல சார். நான் பார்க்காம பிடிச்சிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"சரி, பயப்படாத. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். ஒரு கடிதம் எழுதிக் குடு. 'மாதிரி எடுக்கும்போது என்னால் ஒரு சிறிய தவறு நேர்ந்துவிட்டது. ஆகவே அந்த மாதிரியை ரத்து செய்யக் கோருகிறேன்.' அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். அடுத்த வாரம் புதுசா எடுத்துக்கலாம்."

"சார்... அப்போ முன்னாடி எடுத்த இருபத்துநாலு?"

"அதெல்லாம் ஒழுங்கா எடுத்தது."

எழுந்து நின்றேன். கதவுவரை போனதும் பின்னாலிருந்து சொன்னார்.

"திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. உன் அக்கா வீட்டுக்காரர் நம்ம உலையிலதானே இருக்காரு? நல்ல ஆளு. ஒரு கெட்ட பேர் கிடையாது."

நல்ல வார்த்தைதான் சொன்னார். ஆனால் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

[குறிப்பு: அவர் சொன்ன கடிதத்தின் முதல் வாக்கியமும் இந்தக் கதையின் முதல் வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் என் நாட்குறிப்பைப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு தவறு நேர்ந்தது என்பதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டால் நான் உண்மையைச் சொன்னவள் ஆவேன். இருபத்தைந்து மாதிரிகளில் பொய் சொல்லாத ஒன்று மட்டும் பொய் என்று ஆகும்.]

6

இதுவரை அக்காவைக் கதைக்குள் விடாமல் பார்த்துக்கொண்டேன். அவள் இல்லாமலே முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். வீடு வாய்க்காலை ஒட்டிய தெருவில். அந்தத் தெருவுக்கே ஒரு ஆழ்குழாய்தான். சனிக்கிழமை போனேன்.

"வாங்க வாங்க பேனாக்காரி. உன் கதையில நான் வர்றேனா?"

"இல்லக்கா."

"வந்தா கொஞ்சம் ஒல்லியா எழுதுடி. இந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் வயித்தை விட்டுடு."

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் எனக்குத் தம்ளரை நீட்டினாள்.

"குடி. கொதிக்க வெச்சு ஆறவெச்சது. டாக்டரம்மா சொன்னதிலேர்ந்து ஒரு சொட்டு பச்சைத்தண்ணி குடிக்கறதில்ல. வெயில்ல தாகம் வேற, ஒரு நாளைக்கு ஒரு பானை காலியாகுது."

[குறிப்பு: கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், ஈயம் பாத்திரத்திலேயே தங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகும்.]

"என்னடி அப்படிப் பார்க்கறே? தண்ணிக்குள்ள பேயா இருக்கு?"

கதையில் வரும் பெண் இந்த இடத்தில் தம்ளரைத் தட்டிவிடுவாள். அப்படி ஒரு பத்தி எழுதினேன். தம்ளர் உருண்டது, தண்ணீர் தரையில் ஒரு வரைபடம்போல— அழகாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன். ஏனென்றால் நான் குடித்தேன். முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அக்கா மாமாவிடம் கேட்பாள். மாமா உலையில் நாலு பேரிடம் கேட்பார். சாயங்காலத்துக்குள் மேலாளர் அறைக்குப் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொன்று என் வேலை கற்றுக்கொடுத்த காரணம்: நான் அளந்தது ஆலைக் குழாயை, அக்கா வீட்டுக் குழாயை அல்ல. வாய்க்காலில் இருப்பது மண்ணில் இறங்கி ஆழ்குழாய்க்கு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அளக்காததைச் சொல்லக் கூடாது.

இரண்டாவது காரணம் மிகவும் நன்றாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது.

7

முடிவுகள்.

அ. கடிதம் கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில் அரசு ஆய்வகத்தின் தாள் வருகிறது. ஆலைக்குப் பூட்டு. மாமாவும் அவரோடு முந்நூறு பேரும் வாசலில் நிற்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வாய்க்கால் மண் அப்படியே இருக்கிறது.

ஆ. கடிதம் கொடுக்கிறேன். மாதிரி ரத்து. புதிய பாட்டில் சுத்தம். எனக்குச் சம்பள உயர்வுகூட உண்டு. குழந்தை பிறக்கிறது. நாலு வயதாகியும் அதற்குப்—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

இ. முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன். வகுப்பில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். நேற்று வரை இதுதான் என் திட்டம். நோட்டில் 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

பிறகு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சட்டம் ஆய்வாளர் பிடிக்க வேண்டும் என்கிறது. ஆய்வாளர் ஆலையை நம்பிப் பாட்டிலை ஆலையிடம் விட்டார். ஆலை என்னிடம் விட்டது. நான் செய்முறைத் தாளிடம் விட்டேன். இப்போது கதையும் அதையே செய்து, பாட்டிலை உங்கள் கையில் திணித்துவிட்டு நழுவப் பார்க்கிறது. நீங்கள் யார், அந்தத் தெருத் தண்ணீரைக் குடிக்கிறவரா என்றுகூட எனக்குத் தெரியாது. கோட்டை அடித்துவிட்டேன்.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு இல்லை. கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அளக்காமல் சொல்லக் கூடாது என்றால், அளக்க முடிந்த ஒன்றை மட்டும் செய்கிறேன்.

8

மார்ச் 16, ஞாயிறு. காலையில் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்: 'நாளை விடுப்பு வேண்டும் சார். அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன்.' இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: 'கடிதம்?' அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அரைமணி கழித்து இன்னொன்று வந்தது: 'அக்காவுக்கு என்ன?' அதற்கும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் ஏதோ பரிசோதனை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "எனக்கா உனக்கா?" என்று கேட்டாள். "ரெண்டு பேருக்கும்" என்றேன்.

நாளை: ஏழேகாலுக்கு அக்கா வீடு. எட்டு மணிக்கு அரசு மருத்துவமனை, இரத்தப் பரிசோதனைப் பிரிவு. சீட்டில் 'ஈயம்' என்று எழுதித் தரும்படி டாக்டரம்மாவிடம் நானே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதைப் பார்க்கமாட்டார்கள். எதற்கு என்று அக்காவிடம் பஸ் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.