லேப்டாப்பா, டேப்பா

பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவு மாலதிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சைக்கிளில் கன்னியாகுமரி போகும்போது கூடவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவதா, டேப்பைத் தூக்கிக்கொண்டு போவதா என்பதுதான் அவளுடைய கவலை.

ஊர் சுற்றப் போகிறவளுக்கு இந்தச் சனியன்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாலதி வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். யார் யாரோ பேசிய பேச்சு ஒலிப்பதிவாக வரும். அதைக் கேட்டு, எழுத்தாகத் தட்டி, தினமும் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எவனோ குற்றாலத்தில் குளித்ததையும், எவளோ தனுஷ்கோடி மணலில் உருண்டதையும் ஏழு வருஷமாகத் தட்டித் தட்டி அவளுக்கு வயிறு எரிந்துபோயிருந்தது. நெல் விளையும் கிராமத்தில் பிறந்து, ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். முப்பத்தோரு வயதில் அவள் பார்த்த மிகப் பெரிய தூரம் சென்னை. போதாதா? போதவில்லை. கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள்.

கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவள் நிவேதா. மாலதியைவிட நாலு வயது சின்னவள். கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் மதிக்காதவள்.

"பன்னெண்டு நாள் லீவெல்லாம் முடியாது மாலதி. வேலை பாத்துக்கிட்டே போங்க, எனக்கு ஓகே. ஆனா வர்ற சனிக்கிழமை ஒரு ட்ரயல். நாள் முழுக்க சைக்கிள்ல சுத்துங்க. வெளியில இருந்தே அஞ்சு மணிக்குள்ள ஃபைல் வரணும். அஞ்சு ஒண்ணுக்கு வந்தா, ட்ரிப்பை மறந்துடுங்க."

அன்றிலிருந்துதான் சண்டை ஆரம்பித்தது.

கம்பெனி கொடுத்திருந்த லேப்டாப் சார்ஜரோடு சேர்த்து மூன்றரைக் கிலோ. கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து போய், எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று மாலதியின் விரல்களுக்கு மட்டுமே தெரியும். டேப், அதாவது டேப்லெட், பழவேற்காடு பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் பால்ராஜ் கொடுத்தது. எட்டு அங்குலம், உள்ளேயே சிம், மடக்குகிற குட்டிக் கீபோர்டு. "பத்து நாள் வெச்சிப் பாரும்மா, புடிக்கலன்னா திருப்பிக் குடு" என்று சொல்லியிருந்தார். போனிலேயே தட்டலாமே என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கி இல்லை. கம்பெனி மென்பொருள் போனில் திறக்காது என்பதை ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்காவது அவள் விளக்க வேண்டியிருந்தது.

அவள் புருஷன் லோகேஷ் லேப்டாப் கட்சி. பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த வண்டியும் கனமாக இருந்தால்தான் ரோட்டில் நிற்கும் என்பது அவன் தத்துவம். "டேப்பு இன்னா டேப்பு, சிலேட்டு சைசுல கீது. அத்த வெச்சிக்கினு வேலை பாப்பியா, அ, ஆ எழுதுவியா?" என்றான். அதோடு விட்டானா? ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஓட்டு வாங்கினான். பேங்க் ஆபீசர் லேப்டாப். மீன் கூடைக்காரப் பெண்கள் ஐந்து பேரும் டேப். நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு குடும்பம் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, பொன்னேரியில் இறங்கும்போது ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமியார் ராஜாத்தி டேப் கட்சி. ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவள். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. "சைக்கிள்ல அம்மிக்கல்ல கட்டிக்கினு போவாளாடா எவளாவது?" என்பது அவள் வாதம்.

ஒரு நாள் மதியம் மாலதி டேப்பைச் சார்ஜில் போட்டு, சைக்கிள் பயணத்துக்கு எது நல்லது என்று எவனோ கத்திக்கொண்டிருந்த வீடியோவை ஓடவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் டேப்பைக் காணோம்.

"அத்தே, டேப்பு எங்க?"

"ஐசுல."

"எதுல?"

"ஐஸ் பொட்டில. தொட்டுப் பாத்தேன், அனலாக் கொதிக்குது. அப்புடியே வுட்டா கெட்டுப் பூடாதா?"

ராஜாத்தியின் உலகத்தில் சூடானால் கெட்டுப்போகும், கெடாமல் இருக்க ஒரே மருந்து ஐஸ். மேலே ஐஸ், கீழே ஐஸ், நடுவில் நாலு கிலோ வெள்ளை இறாலோடு டேப் படுத்திருந்தது. மாலதி அலறிக்கொண்டே எடுத்தாள். துடைத்தாள், ஊதினாள், கும்பிட்டாள். அரை மணி கழித்து வீடியோக்காரன் விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தான். நாற்றம் மட்டும் மூன்று நாள் போகவில்லை.

"பாத்தியா, கெடல" என்றாள் ராஜாத்தி. அவளைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

மாலதிக்கு முடியவில்லை. லேப்டாப்பை எடுத்தால் டேப் பாவமாகத் தெரிந்தது. டேப்பை எடுத்தால் லேப்டாப் ஏழு வருஷம் சோறு போட்டது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் இரண்டையும் கட்டிக்கொண்டாள். இடது பையில் லேப்டாப், வலது பையில் டேப். ஏறி மிதித்ததும் சைக்கிள் இடது பக்கமாகவே போய் வேலியில் முட்டியது.

"கனம் ஒரு பக்கமா கீது" என்று ராஜாத்தி உள்ளே ஓடினாள். மூன்று கிலோ கருவாட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துவந்து வலது பையில் திணித்தாள். சைக்கிள் நேராக நின்றது. எல்லாருக்கும் திருப்தி.

தெரு நாய்களுக்கு அதைவிடத் திருப்தி. தோணிரேவைத் தாண்டுவதற்குள் பின்னால் இரண்டு வந்தன. ஊருக்கு ஊர் ஆள் மாறியதே தவிர, ஊர்வலம் நிற்கவில்லை. மாலதியும் நிற்கவில்லை. வெயில், எதிர்காற்று, பின்னால் குரைப்பு. அவள் பாட்டுக்கு மிதித்தாள், கூவினாள், பாடினாள். நாற்பது கிலோமீட்டர் முடிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. அவள் இத்தனை சந்தோஷமாக இருந்து வெகு நாளாகியிருந்தது.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அன்றைய ஒலிப்பதிவை முழுக்கத் தட்டி முடித்தாள். பென் டிரைவ் போட்டு டேப்பிலும் ஏற்றிக்கொண்டாள், சோதித்துப் பார்க்க. மணி மூன்றே முக்கால். அனுப்பு என்ற பொத்தானுக்கு விரல் போகும்போது பின்னால் சைக்கிள் சாய்ந்தது. ஏழு நாய்கள் வலது பையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நாய்களைத் துரத்தினாரா, மாலதியைத் துரத்தினாரா என்று தெரியவில்லை. அவள் இரண்டையும் வாரிப் போட்டுக்கொண்டு, குறுக்கு வழி என்று ஏரிக்கரை மண் பாதையில் சைக்கிளை விட்டாள். போகிற வழியில் நின்று அனுப்பிவிடலாம் என்று கணக்கு.

மண் பாதையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். முள்மரத்தில் பாதி ஏறிப் பார்த்தாள். சரி, ஊர் மேட்டுக்கே போய்விடலாம் என்று மிதித்தால், கொஞ்ச தூரத்தில் பாதையே இல்லை. கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்ததிலிருந்து ஏரியில் தண்ணீர் ஏறியிருந்தது. எதிரே இருநூறு அடித் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் தோணிரேவு மேடு. மணி நாலரை. திரும்பிச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். அந்த வழியில்தான் நாய்களும் வந்துகொண்டிருந்தன.

அவ்வளவுதான், கன்னியாகுமரி போச்சு என்று மாலதி அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"ம்ம்ம்! ம்ம்ம்!"

தண்ணீரில் இரண்டு தலைகள். ராஜாத்தியும் பக்கத்து வீட்டு தேவியும் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் அடிச் சேற்றில் இறாலைத் தேடும். பிடித்ததைப் போட, வாய் குறுகிய பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அதனால் வேலை நேரத்தில் இவர்களிடமிருந்து முனகல்தான் வரும். ராஜாத்தி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாடி இங்க குந்திக்கினு அழுவுற?"

மாலதி சொன்னாள். விக்கலும் அழுகையுமாகச் சொன்னாலும் ராஜாத்திக்கு 'அஞ்சு மணி' மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எறங்கு. நான் கூட்டிக்கினு போறேன். தேவி, நீ கரையேறி நாய்ங்கள பாத்துக்க."

"அத்தே, எனுக்கு சேத்துல நடக்கத் தெரியாதே."

"ரெண்டு கையயும் குடு, நான் புடிச்சிக்கிறேன்."

"அப்ப இத்த யாரு புடிக்கிறது?"

ராஜாத்தி லேப்டாப்பைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பறியைப் பார்த்தாள்.

"வாயில கவ்விக்கடி."

"நீ கவ்விக்க அத்தே, உனுக்குத்தான் பழக்கம்!"

"நான் வழி சொல்ல வேணாமா? உன் வாயி சும்மாதானே கீது?"

மாலதி பைகளை அவிழ்த்தாள். பழகிய கை லேப்டாப்பைத்தான் முதலில் எடுத்தது. பறியின் வாய்க்கு அது மூன்று மடங்கு அகலம். பையின் வாரைப் பல்லில் கவ்வி இரண்டு அடி வைத்துப் பார்த்தாள். தாடை கழன்றுவிடும்போல் இருந்தது. "தா" என்று தேவி அதையும் போனையும் வாங்கிக் கரையில் வைத்தாள்.

அதற்குள் ராஜாத்தி தன் பறியைக் கவிழ்த்தாள். காலையிலிருந்து தடவிச் சேர்த்த இறால். தேவியின் பறி கொண்ட மட்டும் கொண்டது; மிச்சமெல்லாம் துள்ளி ஏரிக்கே போய்விட்டது.

"அத்தே, எறா!"

"போவட்டும் வுடு. ஜல்தி ஆவட்டும்."

டேப்பைக் காலி செய்த கருவாட்டுக் கவரில் சுற்றிப் பறிக்குள் விட்டார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் நுழைந்தது. மாலதி பறியின் விளிம்பைக் கடித்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு ஏரியில் இறங்கினாள்.

"எடது கால எடு. இங்க பள்ளம். வாய மூடு. வலது. நெத்திய மேல தூக்குடி, எருமை!"

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கால் முழங்கால் வரை சேற்றில் போனது. பாதி ஏரியில் மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் பயணம் தண்ணீருக்குள். மூக்கு வழியே சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ராஜாத்திக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காதடி, சிரிக்காதடி" என்று சொல்லிச் சொல்லி அவளே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கரையிலிருந்து தேவி ஒரு பக்கம் நாய்களை விரட்டிக்கொண்டு, "மணியப் பாரு, மணியப் பாரு" என்று கத்தினாள். எந்தக் கையால் பார்ப்பது?

மேட்டில் ஏறியபோது நாலு ஐம்பத்தாறு. டேப் உலர்ந்திருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால் மாலதியின் ஈர விரலை டேப் மதிக்கவே இல்லை. தட்டினாள், தேய்த்தாள், திரை அசையவில்லை. துடைக்கலாம் என்றால் இருவர் உடம்பிலும் காய்ந்த நூல் ஒன்று இல்லை. சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியில் விரலை அழுந்தத் துடைத்தாள். அது ஒன்றுதான் நனையாமல் இருந்தது.

அனுப்பு.

வட்டம் சுற்றியது. ராஜாத்தி மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தாள். வட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் நிவேதாவிடமிருந்து செய்தி: "கிடைத்தது, 4.59. திங்கட்கிழமை கிளம்பலாம், மாலதி. பார்த்துப் போங்க."

"போறேன்!" என்று மாலதி கத்தினாள். "தேவிக்கா, நான் போறேன்! டேப்போட போறேன்!" அந்தக் கரையில் தேவி விசிலடித்தாள். ஏழு நாய்களும் சேர்ந்துகொண்டன. மாலதி ராஜாத்தியைக் கட்டிப்பிடித்துச் சேறும் தண்ணீருமாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"வுடுடி, தல சுத்துது" என்று ராஜாத்தி விலகினாள். சேலையைப் பிழிந்தாள். காலிப் பறியை எடுத்துத் தட்டினாள்.

"எத்தினி நாளுன்னு சொன்ன?"

"பன்னெண்டு அத்தே."

"தெனம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணுக்கு அனுப்பணும், இல்ல?"

"ஆமா."

ராஜாத்தி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு போனபிறகுதான் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை.

"எனுக்கும் அஞ்சு மணிக்குள்ள ஒரு போன் வரணும். அஞ்சு ஒண்ணாச்சுன்னா, நான் பஸ் ஏறி வந்துருவேன்."

மாலதி வேகமாகத் தலையை ஆட்டினாள்.